ஐகோர்ட்டு மேல் ஏன் லைட் ஹவுஸ்? கடல் அங்கேயா இருந்தது?

கேள்வி, மார்ச் 2

ஒரு சந்தேகம். ஐகோர்ட்டுக் கோபுரத்தில் ஒரு காலத்தில் லைட் ஹவுஸ் எரிந்தது என்று அப்பா அடித்துச் சொல்கிறார். கோர்ட்டுக் கட்டடத்தின் தலையில் யாராவது கலங்கரை விளக்கம் வைப்பார்களா? கடல் எங்கே, பாரிமுனை எங்கே? மெரினாவில் சிவப்பு வெள்ளையாக நிற்கிறதே, அதுதானே சென்னையின் லைட் ஹவுஸ்?

பதில், மார்ச் 2, இரவு

அப்பா சொன்னது சரி. ஆனால் ஐகோர்ட்டுக் கோபுரம்கூட முதலாவது இல்லை, மூன்றாவது.

முதல் விளக்கு 1796இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஏற்றப்பட்டது. அதற்கென்று கோபுரம் எதுவும் கட்டவில்லை. வியாபாரிகள் கூடிப் பேரம் பேசிய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மாடியில் விளக்கை வைத்தார்கள், தேங்காய் எண்ணெய் ஊற்றி எரித்தார்கள். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. 1948 முதல் அதுதான் கோட்டை அருங்காட்சியகம். பழைய துப்பாக்கியும் நாணயமும் பார்க்க உள்ளே போகிறவர்களில் பலருக்குத் தலைக்கு மேலே விளக்கு எரிந்த கதை தெரியாது.

இரண்டாவது 1844இல் எரியத் தொடங்கியது. ஐகோர்ட்டு வளாகத்துக்குள்ளேயே தனியாக நிற்கும் கல் தூண் அது. மூன்றாவது, அப்பா சொன்னது: 1892இல் ஐகோர்ட்டுக் கட்டடம் திறந்தார்கள், 1894இல் அதன் நடுக்கோபுரத்து உச்சிக்கு விளக்கு போய்விட்டது. நான்காவது மெரினா, 1977 ஜனவரி 10.

கடல் அங்கேயா இருந்தது என்று கேட்டீர்கள். அங்கேதான் இருந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும், நாளைக்கு.

மார்ச் 3, மாலை

நான் வக்கீல் குமாஸ்தாவாக வெகு காலம் அந்த வளாகத்தில் வேலை பார்த்தவன். கட்டு தூக்கிக்கொண்டு ஓடிய இடம். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

இன்றைய ராஜாஜி சாலை இருக்கிறதே, பீச் ஸ்டேஷன், தலைமைத் தபால் நிலையம், ரிசர்வ் வங்கி வரிசை, அதுதான் பழைய கடற்கரை. சாலையின் ஒரு பக்கம் கட்டடம், மறுபக்கம் மணல், அப்புறம் அலை. கோட்டையின் கிழக்கு மதிலை அலை நனைத்த காலமும் உண்டு. இப்போது அந்தச் சாலைக்குக் கிழக்கே தெரிவது துறைமுகத்தின் மதில், அதற்குப் பின்னால் ரயில் பாதை, கிடங்குகள், கப்பல் துறைகள். கடல் வெகு தூரம் தள்ளிப் போய்விட்டது. துறைமுகம் கட்டித்தான் அதைத் தள்ளினார்கள். ஐகோர்ட்டு வாசலில் நின்று பார்க்கும் இன்றைய ஆளுக்கு இங்கே எதற்கு லைட் ஹவுஸ் என்று தோன்றுவது நியாயமே.

1844இல் அந்தக் கல் தூணின் உச்சியில் நின்றவன் கண்ணுக்குக் கிழக்கே கடலை மறைக்க எதுவும் இல்லை.

மார்ச் 3, இரவு

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இந்த நான்கு விளக்குகளின் கதை புரியும். ஆற்று முகத்துவாரம் என்று கூவமும் அடையாறும் இருக்கின்றன, ஆனால் பெரிய கப்பல் நுழைய ஆழம் இல்லை. வளைகுடா இல்லை, மறைப்புக்கு ஒரு தீவு இல்லை. நேர்கோடாக ஒரு மணல் கரை, அதன் மேல் இடைவிடாமல் உடைகிற அலை.

அதனால் பாய்மரக் கப்பல்கள் கரைக்கு வரவே வராது. திறந்த கடலில் தொலைவாக நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வருவது மசூலாப் படகில். அந்தப் படகைக் கவனித்தால் ஊரின் அறிவு தெரியும். பலகைகளில் ஆணி அடிக்க மாட்டார்கள், தென்னங்கயிற்றால் தைப்பார்கள். அலை தூக்கி மணலில் போடும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த கவர்னரும் சரி, மதுப் பீப்பாயும் சரி, நம் ஊர்ப் படகோட்டிகளின் கையை நம்பித்தான் கரையேற வேண்டியிருந்தது. கடிதங்களைக் கட்டுமரக்காரர்கள் தலையில் வைத்த கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் கொண்டுபோவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் விளக்கின் வேலை என்ன? 'இந்த வழியாக உள்ளே வா' என்று கூப்பிடுவதற்கு உள்ளே என்று ஓர் இடமே இல்லை. 'மதராஸ் இங்கே இருக்கிறது, இதற்கு மேல் கிட்டே வராதே, அங்கேயே நங்கூரம் போடு, விடியட்டும், படகு வரும்' என்பதுதான் அது சொன்னது. கடலோரம் முழுக்கத் தட்டை. மலை இல்லை, பாறை இல்லை. இருட்டில் சாந்தோமும் ராயபுரமும் எண்ணூரும் ஒன்றுபோலத்தான் தெரியும். விளக்கு இல்லையென்றால் கப்பல் ஊரைக் கடந்தே போய்விடும், இல்லையென்றால் கரையில் ஏறிவிடும்.

ஐப்பசி வந்தால் இன்னும் மோசம். 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே மதராஸைப் பிடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அக்டோபரில் ஒரே இரவுப் புயல் அவருடைய கப்பல் கூட்டத்தைச் சிதறடித்தது. பீரங்கியால் முடியாததைக் காற்று செய்தது.

மார்ச் 4, காலை

கீழே ஒரு நண்பர் முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் லைட் ஹவுஸைத்தான் குறிவைத்தது என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. செப்டம்பர் 22 இரவு, ஒன்பது மணிக்கு மேல் வந்த அந்தக் கப்பலின் குறி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன. அங்கும் இங்கும் விழுந்த குண்டுகளில் ஒன்று ஐகோர்ட்டு மதில் பக்கம் விழுந்தது, அதற்கு ஒரு கல்வெட்டும் பதித்திருக்கிறார்கள். போர் தொடங்கியிருந்தும் அன்று ஊர் விளக்குகள் அமைதிக் காலம் போலவே எரிந்துகொண்டிருந்தன. நண்பர்களுக்காக ஏற்றிய வெளிச்சம் பகைவனுக்கும் கரையைக் காட்டியது. மறுநாளிலிருந்து ஊரை விட்டு ரயிலேறிய கூட்டத்தைப் பற்றி எங்கள் சீனியர் குமாஸ்தா அவருடைய அப்பா சொல்லக் கேட்டதாகச் சொல்வார்.

மார்ச் 4, இரவு

கல் தூணைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள்.

மதராஸ் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித் வடிவமைத்தது. 1838இல் வேலை தொடங்கினார்கள். பல்லாவரத்துக் கருங்கல். கிரேக்கக் கோயில்களில் வரும் டோரிக் தூணின் வடிவம்: அகலமான அடி, மேலே போகப் போக ஒடுங்கும் உடல், உடல் முழுக்க நெடுக்கு வரிகள். உச்சியில் விளக்கறை. எண்ணெய் விளக்குகளுக்குப் பின்னால் குழிந்த கண்ணாடிகளை வைத்து வெளிச்சத்தைக் கடல் பக்கம் திருப்பினார்கள். விளக்கின் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், அதில் பாதி நகரத்துக்குப் போய் என்ன பயன்? சிதறுவதையெல்லாம் சேர்த்து ஒரு திசைக்கு அனுப்புவதுதான் கலங்கரை விளக்கத் தொழிலின் பாதி. மீதிப் பாதி உயரம்.

பிரான்ஸில் பிரெனெல் என்ற இயற்பியலாளர் 1820களில் இதைக் கண்ணாடி வளையங்களால் செய்து காட்டினார். ஒரே தடித்த லென்ஸுக்குப் பதில், படிப்படியாக வெட்டிய வளையங்கள், ஒவ்வொன்றும் தன் மேல் விழும் கதிரை வளைத்துத் தொடுவானத்துக்கு நேராக அனுப்பும். உலகத்தின் கலங்கரை விளக்கங்களை மாற்றியது அந்தக் கண்ணாடிதான்.

சரி, தூணுக்கு வருகிறேன். பளபளப்பான கட்டடம் இல்லை அது. நூற்றுக்கணக்கான வக்கீல்களும் கட்சிக்காரர்களும் தினம் அதைக் கடந்து போவார்கள், நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. அதன் அடியில் நிழலுக்கு உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர்களில் நானும் ஒருவன். வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பும் கட்சிக்காரர் எவராவது 'இது என்ன ஸார், ஏதாவது நினைவுத் தூணா?' என்று கேட்பார். ஐம்பது ஆண்டு இந்த ஊருக்கு வந்த கப்பல்கள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் நங்கூரம் போட்டன என்று சொன்னால் முகம் மாறும். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தோணியில் வேலை பார்த்த குடும்பம்.

மார்ச் 5

அப்படியென்றால் ஏன் அதை விட்டுவிட்டுக் கோர்ட்டுக் கோபுரத்துக்கு மாற்றினார்கள் என்று கேள்வி வந்திருக்கிறது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் விடை தெரியும். தூணுக்குப் பக்கத்திலேயே அதைவிட ஓங்கிய ஒரு மாளிகை எழும்பிவிட்டது. கட்டடக் கலைஞர் பிராசிங்டன் தொடங்கி வைத்த வரைபடத்தை இன்னொரு கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் முடித்துக் கொடுத்தார். வெங்காயக் கும்மட்டமும் கூம்பும் வளைவுமாக நூற்று எழுபது அடிக்கு மேல் போகும் நடுக்கோபுரம். அந்தக் கூரைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கல் தூண் குள்ளமாகிவிட்டது. ஊரிலேயே உயர்ந்த இடம் நீதிமன்றத்தின் தலை என்றான பிறகு விளக்கை அங்கே ஏற்றுவதுதானே முறை. 1894இலிருந்து 1977 வரை, கீழே தீர்ப்பு, மேலே விளக்கு. இரண்டும் ஒரே கூரையில் இருந்த நகரம் எங்கள் நகரம் என்று எனக்குப் பெருமை உண்டு.

மார்ச் 5, இரவு

ஒரு துணைச் செய்தி. இந்த வளாகம் இருக்கும் நிலம் ஆதியில் கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த நம்மவர் குடியிருப்பு. ஊரின் பெரிய கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயில் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த சண்டைக்குப் பிறகு, கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று 1750களின் கடைசியில் கோயிலையும் வீடுகளையும் இடித்தார்கள். கோயில் பூக்கடைப் பக்கம் மறுபடி எழுந்தது. அப்படி வெட்டவெளியாக்கிய நிலத்தில்தான் பிற்பாடு விளக்குத் தூணும் நீதிமன்றமும் வந்தன.

வளாகத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு நாள் முழுவதும், எல்லா வாயிலையும் பூட்டிவிடுவார்கள். பொதுமக்கள் இஷ்டத்துக்கு நடந்து நடந்து, இது எங்கள் வழி என்று வழிப்பாத்தியம் (வழி உரிமை) கொண்டாடிவிடக் கூடாதே என்பதற்காக. நாங்கள் அந்த நாளை மறந்து வந்து வாயிலில் நின்றதும் உண்டு.

மார்ச் 7

ராயபுரத்திலிருந்து ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தேன்: 'மெரினா பீச்சை வெள்ளைக்காரன் கட்டினான்.' பாதிதான் சரி. கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். மணலை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. அது துறைமுகத்தால் சேர்ந்தது.

நம் கரையோரம் மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். தென்மேற்குக் காற்று மாதங்களில் வடக்கே போகும், வடகிழக்குக் காற்றில் தெற்கே வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் நீளமான கல் அணைகளைப் போடத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் பாதி கட்டியதைப் பிய்த்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். வாய்க்காலில் குறுக்கே ஒரு பாறாங்கல்லைப் போட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் மண் மேடாகும், மறுபக்கம் கரை அரிக்கும். அதேதான். தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் உள்ளே வந்தது. துறைமுகத்துக்குள்ளும் மணலும் அலையும் தொல்லை கொடுத்ததால் துறைமுகப் பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்குப் பார்த்த வாயிலையே அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தார்.

என் அம்மாவின் ஊர் திருவொற்றியூர்ப் பக்கம். அம்மா சின்ன வயதில் விளையாடிய மணல் மேடும் இரண்டு தெருவும் இப்போது தண்ணீருக்கு அடியில். இருப்பது கருங்கல் குவியல். மெரினாவில் காற்று வாங்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும், அங்கே குவிந்த மணல் எங்கள் கரைக்குச் சேர வேண்டியது என்று. நண்பரே, நீங்கள் ராயபுரத்துக்காரர், உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தென்சென்னையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 8

மெரினா லைட் ஹவுஸ்.

டிஜிபி அலுவலகத்துக்கு எதிரே, நொச்சிக்குப்பத்தை ஒட்டி. முக்கோண வடிவக் கான்கிரீட் கோபுரம், ஏறத்தாழ 46 மீட்டர். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. இரவில் விளக்கு செய்யும் வேலையைப் பகலில் நிறம் செய்கிறது. கடலிலிருந்து பார்க்கிறவன் கட்டடக் கூட்டத்தின் நடுவே எது லைட் ஹவுஸ் என்று ஒரு பார்வையில் பிரித்தறிய வேண்டும். லிஃப்ட் வைத்துக் கட்டினார்கள், அன்றைக்கு அது ஊரெல்லாம் பேச்சு. பள்ளிக்கூடத்துப் பையனாக நான் மேலே போனபோது கடலைவிட லிஃப்டைத்தான் அதிகம் வியந்தேன்.

அப்புறம் வெகு காலம் மூடிவிட்டார்கள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு வந்த பாதுகாப்புக் கெடுபிடியில் பொதுமக்களுக்குக் கதவு சாத்தியது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று மறுபடி திறந்தார்கள். என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. வடக்கே மெரினாவின் முழு நீளமும், அதன் முடிவில் துறைமுகத்துக் கிரேன்களும். தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கூம்பு, பட்டினப்பாக்கம். கீழே குப்பத்துப் படகுகளும் வலைகளும். மேற்கே மயிலாப்பூர் மரங்களுக்கு நடுவே கபாலீஸ்வரர் கோபுரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை அங்கே நின்றால் உடம்பே சொல்லும்: கிழக்கே முழு வானமும் திறந்திருக்கிறது.

கூடவே இருக்கும் சிறு அருங்காட்சியகத்தில் பழைய விளக்குகளும் லென்ஸுகளும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அதை விட்டுவிட்டு நேராக லிஃப்டுக்கு ஓடாதீர்கள்.

மார்ச் 8, இரவு

விளக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். 28 கடல் மைல் என்பது ஒருவர் கட்சி, அதாவது 52 கிலோமீட்டர். அவ்வளவெல்லாம் தெரியாது என்பது இன்னொருவர் கட்சி.

இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறீர்கள். வெளிச்சத்தின் வலிமை ஒன்று, பூமியின் வளைவு இன்னொன்று. தொடுவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: கண்ணின் உயரம் எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வரும். விளக்கு கடல்மட்டத்துக்கு மேல் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதன் தொடுவானம் 25 கிலோமீட்டர். பார்ப்பவனுக்கும் அதேபோல் கணக்குப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். ஃபைபர் படகில் உட்கார்ந்திருப்பவன் கண் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் அவனுக்கு 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, சுமார் 30 கிலோமீட்டரில் விளக்கு அவனுக்குத் தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்க்கும். கப்பலின் மேல்தளத்தில் 25 மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்கு 43 கிலோமீட்டரிலேயே தெரியும். காற்று கதிரைச் சற்று வளைப்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். அதற்கும் அப்பால் இருப்பவனுக்கு விளக்கு தெரியாவிட்டாலும் தொடுவானத்தில் ஒரு வெளிச்சச் சுழல் தெரியும்.

உயரத்துக்காகக் கோட்டை மாடி, கல் தூண், கோர்ட்டுக் கும்மட்டம் என்று ஏறிக்கொண்டே போன காரணம் இந்த வர்க்கமூலம்தான்.

மார்ச் 9

தமிழர்களுக்கு லைட் ஹவுஸே வெள்ளைக்காரன் கொடுத்தது என்று யாரோ எழுதியதற்கு மட்டும் சுருக்கமாக. பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டுங்கள். நீர்ப்பெயற்று என்னும் துறையில் ஏணி சாத்திய, கூரை வேயாத உயர்ந்த மாடத்தில் இரவில் நெருப்பு ஏற்றிக் கடலில் ஓடும் கலங்களை அழைத்தது அதில் வருகிறது. மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியும் பிற்காலத்தில் விளக்கேற்றப் பயன்பட்டது, புதுக் கலங்கரை விளக்கம் பக்கத்தில் வரும் வரை. சனிக்கிழமை அங்கே போகிறவர்கள் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

மார்ச் 11

ஜிபிஎஸ் வந்த பிறகு இதெல்லாம் சுற்றுலாவுக்குத்தானே என்ற கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தவன், எழுதாமல் நொச்சிக்குப்பத்துக்குப் போய்விட்டேன். மீன் வாங்கும் இடத்தில் பழக்கமான ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். 'அண்ணா, இப்ப லைட்ட யாராச்சும் பாக்கறீங்களா?' என்று கேட்டேன்.

'ஜிபிஎஸ் இருக்குது தம்பி. பொட்டி நனைஞ்சுதுன்னா அது இல்ல. சார்ஜு போச்சுன்னா இல்ல. லைட்டு எப்பவும் இருக்குது' என்றார். பகலில் வேறு முறை. கரையில் இரண்டு குறிகளை, லைட் ஹவுஸையும் அதற்குப் பின்னால் ஒரு கட்டடத்தையும், நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் சாந்தோம் கூம்பை வேறொன்றோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் கடலுக்கு அடியில் மீன் இருக்கும் பாறைத் திட்டு, அதைப் 'பார்' என்பார்கள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற அறிவு. 'பின்னாடி புது பில்டிங்கு ஒண்ணு வந்துச்சுன்னா குறிய மாத்தணும்' என்றார். நகரம் வளர்வதைக் கடலிலிருந்து பார்க்கிறவர்கள் அவர்கள்.

பெரிய கப்பலுக்கும் இதுதான் நிலை. ரேடார் உண்டு, மின்னணு வரைபடம் உண்டு. ஆனாலும் கருவி சொல்வதைக் கண்ணால் சரிபார்க்காமல் நல்ல மாலுமி கரைக்குக் கிட்டே வர மாட்டான். போர் நடக்கும் கடல்களில் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்புவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. சென்னை விளக்கு பத்து நொடிக்கு ஒரு முறை இரண்டு மின்னல் அடிக்கும். அக்கம்பக்கத்து விளக்குகளுக்கு வேறு வேறு தாளம். எண்ணிப் பார்த்தால் ஊர் தெரியும், அதை யாராலும் குழப்ப முடியாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நாட்டின் பல கலங்கரை விளக்கங்களில் கடலோரக் கண்காணிப்பு ரேடார்களையும் வைத்தார்கள். உயரமான இடம், கடலுக்கு நேரே, அரசு கையில். வேறு எங்கே வைப்பார்கள்?

மார்ச் 13

கல் தூணையும் மெரினா போல மக்கள் ஏறிப் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்று நேற்று பலர் எழுதியதற்கு முதலில் கைதட்டினேன். இரவெல்லாம் யோசித்ததில் மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது. குறுகலான படி, பழைய கல், நாள்தோறும் காவல் சோதனை நடக்கும் நீதிமன்ற வளாகம். ஏறுவதற்குக் கூட்டம் விட்டால் தூணுக்கும் நல்லதல்ல, வழக்குக்காக வயிற்றெரிச்சலோடு வந்து நிற்பவர்களுக்கும் நல்லதல்ல.

நான் கேட்பது குறைவு. தூணைச் சுற்றி நிற்கும் வண்டிகள் விலக வேண்டும். கல்லிடுக்கில் முளைக்கும் அரசஞ்செடியை வேர் பிடிப்பதற்கு முன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மதராஸின் பழைய கட்டடங்களுக்கு அதுதான் முதல் எதிரி. தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பலகை: இது எப்போது எரிந்தது, ஏன் இங்கே, கடல் எவ்வளவு கிட்டே இருந்தது. கோட்டை அருங்காட்சியகத்தின் வாசலிலும் அதேபோல் ஒன்று. இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம் 1927 செப்டம்பரில் வந்ததை ஒட்டி ஆண்டுதோறும் செப்டம்பர் 21 கலங்கரை விளக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த ஒரு நாளாவது பள்ளிப் பிள்ளைகளைக் கோட்டை, தூண், கோர்ட்டுக் கோபுரம் என்று வரிசையாக நடத்திக் காட்டலாம். மூன்றும் நடக்கும் தூரம்தான், உலகத்தில் எத்தனை ஊருக்கு இது வாய்க்கும்? இதற்குப் பெரிய செலவு இல்லை, மனம்தான் வேண்டும். பார் அசோசியேஷனில் இருக்கும் இளைய வக்கீல்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு மனு எழுதுங்கள். வரைவு எழுதித் தர நான் தயார். மனு எழுதித்தானே பிழைத்தேன்.

மார்ச் 14

கேள்வி கேட்ட தம்பி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாக எழுதியிருக்கிறார். ரொம்பச் சந்தோஷம். நாள் பார்த்துப் போங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. மெரினா லைட் ஹவுஸுக்குத் திங்கள். ஐகோர்ட்டு சனி, ஞாயிறில் மூடியிருக்கும். ஆக, நான்கையும் ஒரே நாளில் பார்க்கச் செவ்வாய், புதன், வியாழன்தான். காலையில் கோட்டையில் தொடங்குங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அங்கிருந்து ஐகோர்ட்டுக்கு நடந்துவிடலாம். உள்ளே விடுவது வாயிலில் இருக்கும் காவலர்களைப் பொறுத்தது, விடாவிட்டாலும் வெளிச் சாலையிலிருந்து கோபுரம் நன்றாகத் தெரியும். மதியம் வெயில் தாழ்ந்ததும் மெரினா. அப்பாவுக்கு முட்டி வலி என்றீர்களே, லிஃப்ட் இருக்கிறது, ஆனால் கடைசியில் சில படிகள் ஏற வேண்டியிருக்கும், பிடித்துக்கொள்ளுங்கள்.